பறக்கப் பழகியவர்கள் – 7: கரை எந்தப் பக்கம்?

1945 டிசம்பர் 5, புதன்கிழமை. உலகப் போர் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் கடற்படை விமானத் தளத்திலிருந்து பிற்பகல் 2.10 மணிக்கு ஐந்து அவெஞ்சர் விமானங்கள் புறப்பட்டன. 'ஃப்ளைட் 19' என்று தளத்தின் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருந்த இந்தக் குழு, கடலுக்கு மேல் முக்கோணம்போல ஒரு சுற்று சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அத்தனை சாதாரணமான பயிற்சி.

அவெஞ்சரில் மூன்று பேர் பறப்பது வழக்கம். கணக்குப்படி 15 பேர் போயிருக்க வேண்டும். ஒருவர் தனக்கு அன்று விலக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டதால் 14 பேர் போனார்கள். குழுவை நடத்திச் சென்ற லெப்டினன்ட் சார்ல்ஸ் டெய்லருக்கு வயது 28. பசிபிக் போர்முனையில் ஹான்காக் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்தவர், சுமார் 2,500 மணி நேர அனுபவம் உள்ளவர். மற்ற நான்கு பைலட்டுகளும் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள். மொத்தமாக ஏறக்குறைய 300 மணி நேரமும், அவெஞ்சரில் மட்டும் 60 மணி நேரமும் பறந்திருந்தார்கள்.

புறப்படும் முன் இரண்டு விஷயங்கள் நடந்தன. டெய்லர் தாமதமாக வந்தார். வந்ததும், இன்றைக்கு வேறு ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. மாற்று ஆள் இல்லை என்று பதில் வந்தது. அடுத்து, விமானங்களைப் பரிசோதித்தபோது எதிலுமே கடிகாரம் இல்லை என்பது தெரிந்தது. ஆளுக்கொரு கைக்கடிகாரம் இருக்கும் என்று எண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அன்றைய பாடமே நேரத்தை நம்பியதுதான். கீழே அடையாளம் எதுவும் இல்லாத கடலில், எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை நிமிடம் பறந்தோம், காற்று எந்தப் பக்கம் தள்ளியது என்று கணக்குப் போட்டுத் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது பயிற்சி. முதலில் கிழக்கே 56 கடல் மைல் போய் ஒரு பவளத்திட்டில் குண்டுவீச்சுப் பழக வேண்டும். மேலும் 67 கடல் மைல் கிழக்கே போக வேண்டும். பிறகு வடக்கே திரும்பி, கிராண்ட் பஹாமா தீவைத் தாண்டி 73 கடல் மைல். கடைசியில் தென்மேற்காக 120 கடல் மைல் பறந்தால் தளம். குண்டுவீச்சு வரை எல்லாம் சரியாகவே நடந்தது.

பிற்பகல் 3.40 வாக்கில், தளத்தருகே வேறொரு பயிற்சிக் குழுவோடு பறந்துகொண்டிருந்த லெப்டினன்ட் காக்ஸ், ரேடியோவில் யாரோ ஒருவர் தன் சகாவிடம் காம்பஸ் என்ன காட்டுகிறது என்று விசாரிப்பதைக் கேட்டார். கடைசித் திருப்பத்தில் வழி தவறிவிட்டது என்றது அந்தக் குரல். காக்ஸ் குறுக்கிட்டுக் கேட்டபோது டெய்லர் தன் நிலையைச் சொன்னார். இரண்டு காம்பஸ்களும் வேலை செய்யவில்லை, கீழே துண்டு துண்டாக நிலம் தெரிகிறது, ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் மேல் இருக்கிறோம் என்பது நிச்சயம்.

அந்த நிச்சயம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கீஸ் என்பது ஃப்ளோரிடாவின் தென்முனையிலிருந்து தென்மேற்காகச் சிதறிக் கிடக்கும் தீவு வரிசை. ஃபோர்ட் லாடர்டேலுக்கு வரும் முன் மயாமி தளத்தில் இருந்த டெய்லருக்கு அது பழகிய இடம். மேலிருந்து பார்த்தால் பஹாமாவின் சிறு தீவுகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் தோன்றும். அவர் உண்மையில் பறந்துகொண்டிருந்தது பஹாமாவின் மேல், பயிற்சிப் பாதையிலோ அதற்குப் பக்கத்திலோ. கீஸ் என்று நினைப்பவர் கரை சேர வடக்கேயும் கிழக்கேயும் போக வேண்டும். பஹாமாவில் இருப்பவர் மேற்கே போக வேண்டும். மனசில் ஓடிய வரைபடம் தப்பானதால், கரையைத் தேடி எடுத்த ஒவ்வொரு திருப்பமும் அவரைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டு போனது.

காக்ஸ் சொன்ன யோசனை அறிவார்ந்தது. கீஸில் இருந்தால் சூரியனை இடது இறக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கடற்கரையோரமாக மேலே வாருங்கள், நான் எதிரே வருகிறேன் என்றார். தெற்கே பறந்தார். நெருங்க நெருங்கக் குரல் வலுக்க வேண்டும் அல்லவா? மாறாக, டெய்லரின் குரல் தேய்ந்துகொண்டே போனது. அவர் தெற்கே இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் காக்ஸின் ரேடியோவும் அந்த அலைவரிசையில் செயலிழந்தது.

நான்கு பயிற்சி பைலட்டுகளும் என்ன நினைத்தார்கள்? மாலை 5 மணியை ஒட்டி, மேற்கே பறந்தால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாமே என்று ஒருவர் அலுத்துக்கொண்டது தரையில் இருந்தவர்களின் காதில் விழுந்தது. ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையிலிருந்து பறப்பவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதியும் அதுவே: வழி தவறினால் சாயும் சூரியனை நோக்கிப் பற. விடை தெரிந்தவர்கள் அந்தக் குழுவிலேயே இருந்தார்கள். ஆனாலும் தலைவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும் என்பது வரிசை ஒழுங்கு. பிரிந்து போகும் துணிச்சல் அவர்களுக்குக் கற்றுத்தரப்படவில்லை. 

இடையில் ஒருமுறை டெய்லர் மேற்கே திரும்பவும் செய்தார். கரை தட்டும்வரை அல்லது எரிபொருள் தீரும்வரை இதே திசை என்றார். அப்படியே போயிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. ஆனால் 6 மணி தாண்டியதும் சந்தேகம் மீண்டும் பிடித்துக்கொண்டது. கிழக்கே போதுமான தூரம் போகவில்லை, மறுபடி கிழக்கே திரும்பலாம் என்றார்.

இந்த இடத்தில் தரையில் இருந்தவர்களையும் பார்க்க வேண்டும். பயிற்சி அலைவரிசையில் கியூபா வானொலி நிலையங்களின் இரைச்சல் குறுக்கிட்டது. அவசர அலைவரிசைக்கு மாறுங்கள் என்று டெய்லரிடம் சொன்னார்கள். மாறினால் தன் குழுவில் யாராவது தொடர்பை இழந்துவிடுவார்கள் என்று அவர் மறுத்தார். தன் பையன்களை ஒன்றாக வைத்திருக்க விரும்பிய மனிதரின் கவலை அது; குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 5.50 வாக்கில் பல ரேடியோ நிலையங்கள் சேர்ந்து அவருடைய குரல் எங்கிருந்து வருகிறது என்று கணித்துவிட்டன. வடக்கே 29 பாகை, மேற்கே 79 பாகை. அதைச் சுற்றி 100 மைலுக்குள். அதாவது பஹாமாவுக்கு வடக்கே, மத்திய ஃப்ளோரிடாவுக்குக் கிழக்கே, திறந்த கடலில். கரை மேற்கேதான் என்பதை இது முடிவாகச் சொன்னது. அந்தத் தகவலைத் திரும்பத் திரும்ப உரக்க ஒலிபரப்ப யாரும் முன்வரவில்லை. சூரியன் 5.29-க்கே மறைந்திருந்தது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது.

6.20-க்குக் கடைசியாகக் குரல் கேட்டது. நெருங்கி வாருங்கள், முதலில் யாருடைய எரிபொருள் 10 காலனுக்குக் கீழே போகிறதோ, அப்போது எல்லோரும் சேர்ந்தே கடலில் இறங்குவோம் என்பது அதன் சாரம். அவெஞ்சர் கனமான விமானம். இருட்டில், அலையடிக்கும் கடலில் இறங்கினால் அதிக நேரம் மிதக்காது.

தேடப் போன விமானங்களில் ஒன்று பனானா ரிவர் தளத்திலிருந்து 7.27-க்குக் கிளம்பிய மரினர் கடல்விமானம். அதில் 13 பேர். 7.50-க்கு 'கெயின்ஸ் மில்ஸ்' என்ற கப்பலின் மாலுமிகள் தூரத்தில் பெருந்தீயைக் கண்டார்கள். அருகே போனபோது நீரில் எண்ணெய் படர்ந்திருந்தது. எரிபொருள் ஆவி உள்ளே தேங்கும் ஆபத்துக்குப் பேர்போன ரகம் மரினர். ஒரே இரவில் 27 உயிர்கள். பல நாள் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் பலருக்கு இந்தக் கதை வேறு பெயரில் பழக்கமாகியிருக்கும்: பெர்முடா முக்கோணம். 1962-ல் அமெரிக்கன் லீஜன் இதழில் வெளிவந்த கட்டுரை, கடலே விசித்திரமாகத் தெரிவதாக டெய்லர் சொன்னதுபோல எழுதியது. அப்படி அவர் பேசியதற்குப் பதிவு இல்லை. 1964-ல் வின்சென்ட் காடிஸ் முக்கோணத்துக்குப் பெயர் சூட்டினார். 1974-ல் சார்ல்ஸ் பெர்லிட்ஸின் புத்தகம் உலகெங்கும் விற்றது. மறு ஆண்டே லாரி குஷே என்ற நூலகர் மூல ஆவணங்களைத் தேடிப் படித்து, மர்மங்களில் பெரும்பாலானவை எழுதியவர்களின் கைச்சரக்கு என்று ஒரு நூல் எழுதினார். அது பெர்லிட்ஸ் அளவுக்குப் போய்ச் சேரவில்லை. இந்த மர்மக் கதையில் செத்தவர்களுக்கு மரியாதை இல்லை. அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்ற கேள்வியே அதில் மறைந்துபோகிறது.

அந்தக் காலத்தில் பயிற்சியில் சாவது அபூர்வமும் அல்ல. இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளில் அமெரிக்க ராணுவ விமானப் படை, தன் சொந்த மண்ணில் நடந்த விபத்துகளில் மட்டும் சுமார் 15,000 பேரை இழந்தது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் இறந்த 55,573 பேரில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் எதிரியின் முகத்தையே பார்க்காமல், பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் போனவர்கள். ஃபோர்ட் லாடர்டேல் என்ற ஒரே ஒரு தளம் 1942-க்கும் 1945-க்கும் இடையே பயிற்சி விபத்துகளில் பறிகொடுத்தது 95 பேரை.

இந்த எண்களுக்கு 1991-ல் கடல் ஒரு சாட்சி சொன்னது. ஸ்பானியப் புதையல் கப்பல்களைத் தேடிய ஒரு குழு, ஃபோர்ட் லாடர்டேலுக்கு அப்பால் கடலடியில் ஐந்து அவெஞ்சர்களைக் கண்டுபிடித்தது. ஒன்றில் 28 என்ற எண்கூடத் தெரிந்தது. டெய்லரின் விமான எண்ணும் 28 தான். உலகமே பரபரத்தது. ஆனால் எண்களை ஒப்பிட்டபோது அவை ஃப்ளைட் 19 அல்ல என்று தெரிந்தது. பிற்பாடு அதே குழுத் தலைவர் கிரஹாம் ஹாக்ஸ் திரும்பிப் போய் அவற்றில் ஒன்றை அடையாளம் கண்டார். 1943 அக்டோபர் 9 அன்று கடலில் விழுந்தது. அதில் இருந்தவர்கள் பிழைத்துவிட்டார்கள். வேறெதையோ தேடிப் போனவர்கள் ஒரே இடத்தில் ஐந்து பயிற்சி விமானங்களைத் தற்செயலாகப் பார்க்க நேர்கிறது என்றால், அந்தக் கரையோரம் எத்தனை விமானங்களை விழுங்கியிருக்கும்!

விசாரணைக் குழு டெய்லரின் குழப்பமே காரணம் என்று எழுதியது. உடலும் இல்லை, விமானமும் இல்லை, என் மகன்மேல் எப்படிப் பழி போடலாம் என்று அவருடைய தாய் போராடினார். 1947-ல் கடற்படை அந்த வாசகத்தை மாற்றி, காரணம் தெரியவில்லை என்று பதிந்தது. ஒரு தாயின் நியாயமான வேண்டுகோளுக்குக் கிடைத்த பதில் அது, மறுக்க முடியாது. ஆனால் கடற்படைக்கும் அது வசதியான பதிலாக அமைந்துவிட்டது. டெய்லர் பறக்கத் தயங்கியபோது ஏன் அனுப்பினார்கள், கடிகாரம் இல்லாத விமானத்தில் நேரக் கணக்குப் பாடத்தை ஏன் நடத்தினார்கள், 5.50-க்குக் கிடைத்த இடக்குறிப்பு ஏன் அவர் காதை எட்டவில்லை என்ற கேள்விகள் அந்த வாசகத்தோடு மேசையிலிருந்து இறங்கிப்போயின.

அடுத்த வாரம் பிரிட்டனுக்குப் போவோம். அங்கே 1950-களின் தொடக்கத்தில், மீட்டியர் ஜெட்டில் ஒரு இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்று பழக்குவதற்காக வேண்டுமென்றே ஒன்றை நிறுத்திப் பறக்கவிட்டார்கள். நிஜமாக இன்ஜின் நின்று செத்தவர்களைவிட, நின்றதுபோலப் பழகிச் செத்தவர்கள் அதிகம்.

(தொடரும்)