சசுகே (தொலைக்காட்சிப் போட்டி)

சசுகே என்பது ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் 1997 இல் தொடங்கப்பட்ட தடை தாண்டும் போட்டியாகும். வழமையாக 100 பேர் பங்குபெறுவர். மொத்தம் நான்கு கட்டங்கள் உள்ளன. தவறி விழுபவர் உடனே வெளியேற வேண்டும்.

ரசிகர்கள் விரும்பும் போட்டிகள்

நான்கு கட்டங்களையும் எவரும் முடிக்காத போட்டிகளே மிகுதி. எனவே வெற்றியாளர் உருவான போட்டிகள் தனிச்சிறப்புப் பெறுகின்றன.

* 4 ஆவது (1999): நண்டு பிடிக்கும் மீனவரான கசுஹிகோ அகியாமா முதலாவதாக வென்றார்.
* 17 ஆவது (2006): பலமுறை இறுதிக் கட்டத்தில் தோற்ற மீனவர் மகோடோ நகானோ வென்றார்.
* 24 ஆவது (2010), 27 ஆவது (2011): யூஜி உருஷிஹாரா இருமுறை வென்ற முதல் வீரரானார்.

ஒருவர் வென்றபின் தடைகள் மாற்றியமைக்கப்பட்டுக் கடினமாக்கப்படும். ஆகவே ஒரு வெற்றியை அடுத்த வெற்றியுடன் நேரடியாக ஒப்பிட இயலாது. தோல்வியும் போற்றப்படுவதுண்டு. 3 ஆவது போட்டியில் இறுதிக் கட்டத்தை எட்டிய கட்சுமி யமடா ஒருமுறையும் வென்றதில்லை. எனினும் அவர் புகழ்பெற்ற போட்டியாளர்களுள் ஒருவராவார்.