அளந்து பார்த்தவர் யார்?

டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கி, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு, 1940ஆம் ஆண்டில் உழவர் கைக்கு வந்த ரகம் அது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கடலை பயிரிடும் உழவருக்கு ஒவ்வொரு பருவத்திலும் பல யோசனைகள் வந்து சேருகின்றன. "இந்த ஊக்கியைத் தெளித்தால் காய் கூடும், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்கிறது ஒரு துண்டுத்தாள். நம்பிப் பணத்தைப் போட்டுப் பலன் இல்லையென்றால் நட்டம் அவருக்கே. அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரியில் படிப்பவராக இருந்தால், "எந்த ஆய்வு? யார் அளந்து பார்த்தார்கள்?" என்று கேட்க முடியும். அக்கேள்விக்கு விடை தேடும் வழியை இங்கே காண்போம்.

நேரடி ஆய்வு என்பது எது?

ஆய்வேடுகளில் வருவன எல்லாம் ஒரே வகைக் கட்டுரைகள் அல்ல. ஆசிரியர் தாமே சோதனை செய்தோ, அளந்தோ, எண்ணியோ, மக்களிடம் கேட்டறிந்தோ திரட்டிய விவரங்களைக் கொண்டு எழுதுவது நேரடி ஆய்வுக் கட்டுரை. பிறர் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவது தொகுப்பாய்வுக் கட்டுரை. கருத்துரை, தலையங்கம், நூல் மதிப்புரை ஆகியனவும் அதே ஏட்டில் இடம்பெறும். இவை பயனற்றவை அல்ல. ஆனால் "யார் அளந்தார்?" என்ற கேள்விக்கு நேர்விடை தருவது முதல் வகையே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பாசனக் கடலைக்கு விதைத்த 40 முதல் 45ஆம் நாளுக்குள் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பரிந்துரை. இதற்குக் காரணம் என்ன? கடலைப் பூ கருவுற்றபின் விழுது ஒன்று மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில் காய் பிடிக்கிறது. அந்தக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. சத்துக் குறைந்தால் பொக்குக் காய்கள் மிகும். ஜிப்சத்தில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் உள்ளன.

இந்தக் காரணத்தைப் பாடநூலே சொல்லிவிடும். ஆனால் எந்த மண்ணில், எத்தனை கிலோ இட்டால், எவ்வளவு விளைச்சல் கூடியது என்பதை வயலில் எடைபோட்டவர்தான் சொல்ல முடியும். சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே மிகுந்த மண்ணில் அதே பலனை எதிர்பார்க்க இயலுமா?

அடையாளங்கள்

நேரடி ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு வழக்கமான உடலமைப்பு உண்டு. முதலில் சுருக்கம், பின் முன்னுரை. அடுத்து வருவது "பொருள்களும் முறைகளும்" என்ற பகுதி. அதன்பின் முடிவுகள், விவாதம், இறுதியில் மேற்கோள் பட்டியல். இவற்றுள் முறைகளும் முடிவுகளுமே முக்கிய அடையாளம். அவை இல்லையெனில் பெரும்பாலும் அது நேரடி ஆய்வாக இராது.

முறைகள் பகுதியில் என்ன தேட வேண்டும்? சோதனை நடந்த இடம், ஆண்டு, பருவம், மண் வகை, பாத்திகளின் அளவு. ஒவ்வொரு சோதனையும் எத்தனை முறை திரும்பச் செய்யப்பட்டது என்பதும் அங்கே இருக்கும். ஒரே வயலில்கூட ஒரு மூலை வளமாகவும் மற்றொரு மூலை வறண்டும் இருக்கும் அல்லவா? அதனால்தான் பாத்திகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்து ஒதுக்குகிறார்கள். இம்முறையை வகுத்தவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆர். ஏ. ஃபிஷர்.

ஒப்பீடும் இருக்க வேண்டும். கடலையில் இலைப்புள்ளி, துரு நோய்களை ஆராய்வோர் பலர், நோய்க்கு எளிதில் ஆளாகும் டி.எம்.வி. 2 ரகத்தைப் புதிய ரகங்களின் அருகே விதைக்கிறார்கள். அது நோயுற்று, பக்கத்து ரகம் தாங்கி நின்றால்தான் அங்கு நோய் பரவியிருந்தது என்பதும், புதிய ரகம் அதை எதிர்த்தது என்பதும் விளங்கும். டி.எம்.வி. 2 தனித்து நோயின்றி நின்றிருந்தால், நோய் வரவே இல்லை என்றுதான் பொருள்.

முடிவுகள் பகுதியின் அட்டவணையில், அடிவரிசையில் சி.டி. என்ற எழுத்துகளைக் காண்பீர்கள். இதை ஓர் அளவுகோல் எனலாம். கற்பனைக்கு, ஊக்கி தெளித்த பாத்தியில் எக்டேருக்கு 2,150 கிலோவும், தெளிக்காத பாத்தியில் 2,000 கிலோவும் விளைந்ததாகக் கொள்வோம். வேறுபாடு 150 கிலோ. சி.டி. மதிப்பு 200 என்றால், அந்த 150 கிலோ ஊக்கியால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, தற்செயலாகவும் வந்திருக்கலாம். வேறுபாடு 200ஐத் தாண்டினால்தான் நம்பலாம். துண்டுத்தாளில் 2,150 என்ற எண் மட்டுமே இருக்கும், சி.டி. இராது.

எங்கே தேடுவது?

கோவையிலிருந்து வெளிவரும் மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல், பெங்களூரில் 1932இல் தொடங்கிய கரண்ட் சயன்ஸ், எண்ணெய்வித்துகளுக்கென்றே உள்ள ஜர்னல் ஆஃப் ஆயில்சீட்ஸ் ரிசர்ச் ஆகியவை தொடங்க ஏற்ற ஏடுகள். கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். கணினியோ கைப்பேசியோ இருந்தால் கூகுள் ஸ்காலரில் தேடலாம். வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிருஷிகோஷ் என்ற தளத்தில் உள்ளன.

தேடும் சொல்லில் கவனம் தேவை. இந்தியக் கட்டுரைகளில் "கிரவுண்ட்நட்" என்பதை அமெரிக்கர் "பீநட்" என்பர். இரண்டையும் தேடுங்கள். அராக்கிஸ் ஹைப்போஜியா என்ற அறிவியல் பெயர் இரண்டு நாட்டுக் கட்டுரைகளையும் பிடித்துத் தரும். அதனுடன் "ஃபீல்டு எக்ஸ்பெரிமென்ட்" என்ற சொற்களைச் சேர்த்தால் வயல் சோதனைகள் முன்னே வரும். "ரிவ்யூ" என்று தலைப்பில் இருந்தால் அது தொகுப்பாய்வு. அதையும் தள்ளிவிடாதீர்கள், அதன் மேற்கோள் பட்டியல் பல நேரடி ஆய்வுகளுக்கு வழிகாட்டும்.

ஓர் எச்சரிக்கை. அச்சேறியதெல்லாம் உண்மையாகிவிடாது. நல்ல ஏடுகள் அத்துறை வல்லுநர்களிடம் கட்டுரையைக் காட்டிக் குறை கேட்ட பின்பே வெளியிடுகின்றன. அந்தச் சோதனை இன்றிக் காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஏடுகளும் உண்டு. நல்ல ஏட்டில் வந்தாலும், ஓரிடத்தில் ஒரு பருவத்தில் செய்த சோதனை மழை பொய்த்த ஆண்டுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. வேறிடத்தில் வேறொருவர் செய்தபோதும் அதே முடிவு வந்ததா என்று பாருங்கள்.

அடுத்த முறை "ஆய்வில் நிரூபணம்" என்ற தாள் வீட்டுக்கு வந்தால், குறிப்பேட்டில் ஐந்து கேள்விகளை எழுதுங்கள். அளந்தவர் யார்? எங்கே, எந்தப் பருவத்தில்? எத்தனை பாத்திகளில்? எதனோடு ஒப்பிட்டார்? வேறுபாடு சி.டி.யைத் தாண்டியதா? ஐந்துக்கும் விடை கிடைத்த பின் பணத்தைச் செலவிடலாமா என்று வீட்டாரோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள்.