பாகும் பட்டாணியும்: எதில் சத்து?

கண்ணுக்கு இனியதெல்லாம் உடலுக்கு உரமாகிவிடாது. கோடை பிறந்ததும் சயான், தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் சர்பத் புட்டி இடம்பெற்று விடுகிறது. நன்னாரியாயினும் ரோஜா நிறப் பாகாயினும், குழந்தைக்குக் கலந்து கொடுத்தால் தெம்பு வரும் எனத் தாய்மார் பலர் நம்புகின்றனர். டின்னில் அடைத்த பட்டாணியையோ சத்தற்றதென ஒதுக்குவோர் உண்டு. இவ்விரு எண்ணங்களையும் சற்றே நிறுத்துப் பார்ப்போம்.

இரண்டுமே உணவைக் கெடாமல் காக்கும் கலையிற் பிறந்தவை. பாகிலுள்ள மிகுந்த சர்க்கரை நீரைப் பிணைத்துக் கொள்வதால் கிருமிகள் அதில் வளர இயலுவதில்லை. பிரான்ஸ் தேசத்து மிட்டாய்த் தொழிலாளர் நிக்கோலா அப்பேர் கண்டது வேறு வழி. உணவைப் புட்டியில் இறுக மூடிக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையை அவர் 1810-இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டூராண்டு தகரக் கலத்திற்குக் காப்புரிமை பெற்றார். முன்னதற்குச் சர்க்கரையே காவல். பின்னதற்குச் சூடே காவல். வேற்றுமை இங்கேதான் தொடங்குகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சர்பத் பாகின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே. இரண்டு மேசைக்கரண்டிப் பாகில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரையும் 100 கலோரியும் இருக்கும். புரதமும் நார்ச்சத்தும் இல்லையென்றே கூறலாம். நீர் வடித்த டின் பச்சைப் பட்டாணி 100 கிராமில் ஏறத்தாழ 70 கலோரியும், 4 கிராம் புரதமும், 4 கிராம் நார்ச்சத்தும் உண்டு. சூட்டினால் வைட்டமின் ‘சி’ பெரிதும் குறைவது மெய்யே; எனினும் புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன.

டின்னுக்கும் ஒரு குறையுண்டு, அது உப்பு. அடைத்த நீரைக் கொட்டிவிட்டு, பட்டாணியை நல்ல தண்ணீரில் அலசினால் அதில் ஒரு பகுதி நீங்கும். சிலவற்றில் உலர்ந்த பட்டாணியையே ஊறவைத்து, நிறமேற்றி அடைக்கின்றனர். ஆதலால் மேற்சீட்டைப் படித்து வாங்குதல் நலம்.

உணவில் சேர்க்கும் சர்க்கரை, நாளொன்றின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கின் இன்னும் நன்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் அறிவுறுத்தியது. 2000 கலோரி உண்ணும் பெரியவருக்கு அந்த இருபதில் ஒரு பங்கு 25 கிராம். ஒரு தம்ளர் சர்பத்திலேயே அது தீர்ந்துவிடுகிறது. சிறு குழந்தைக்கோ அளவு இன்னும் குறைவு. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குச் சர்பத் மருந்தாகாது. அப்பொழுது வேண்டியது உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசலே.

நம் குன்னூரில் 1918-இல் சிறிதாகத் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனமும் காய்கறியையும் பருப்பையும் மிகுதியாகவும், சர்க்கரையைச் சிக்கனமாகவும் கொள்ளுமாறே கூறி வருகிறது.

ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தி, கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில் டின் ஒரு துணையே. அதனினும் மலிவானது நம் பாட்டிமார் அறிந்த உலர்ந்த பட்டாணி. குளிர்ப்பெட்டியின்றியும் அது கெடாது. இரவில் ஊறவைத்தால் மறுநாள் சுண்டலாகும். சர்பத், விருந்தினர் வரும் நாளுக்கு இருக்கட்டும். பட்டாணி, குழந்தையின் அன்றாடத் தட்டில் இருக்கட்டும்.