செங்கம் கணவாயும் ஒரு நாயின் பெயரும்

திருவண்ணாமலையிலிருந்து மேற்கே பெங்களூருக்குப் போகும் சாலையில், செங்கத்தைத் தாண்டிச் சிங்காரப்பேட்டையை நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள், வடக்கே ஜவ்வாது மலைத்தொடரும் தெற்கே வேறு குன்றுகளும் நெருங்கி வந்து, நடுவே ஒரு வழியை மாத்திரம் விட்டுவைத்திருப்பதைக் காண்பார்கள். அதுவே செங்கம் கணவாய். மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாராமகால் பகுதி வழியாக ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்க விரும்பிய சேனைகளுக்கு இது திறந்த வாசலாக இருந்தது. இந்த வாசலில் நடந்த சம்பவங்களைப் பள்ளிப் பிள்ளைகள் அறியாமலே வளர்கிறார்கள் என்பது என் நெடுநாளைய மனக்குறை.

1767 செப்டம்பர் தொடக்கத்தில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் கூட்டுச் சேனையோடு இந்தக் கணவாய் வழியே இறங்கியபோது, அவர்களுக்கு மிகச் சிறியதான ஒரு படையுடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் செங்கத்தருகே அவர்களை எதிர்த்து நின்றார். வழியை ஆளும் குன்று ஒன்றைக் கைப்பற்றிக்கொண்ட சிப்பாய்களின் துணிவால் அன்றைய வெற்றி ஸ்மித்துக்குக் கிடைத்தது. ஆயினும் வென்றவர் களத்தில் தங்க முடியவில்லை. தானியத் தட்டுப்பாட்டால், பசித்த படையை நடத்திக்கொண்டு அவர் திருவண்ணாமலைக்கு விரைய வேண்டியதாயிற்று. அம்மாத இறுதியில் அங்கும் ஒரு பெரும் போர் நிகழ்ந்தது. பிறகு நிஜாம் விலகிப்போனார். ஹைதரோ 1769இல் சென்னப்பட்டணத்தின் வாசலுக்கே வந்து நின்று, தமக்கு ஆபத்து நேர்ந்தால் கம்பெனி உதவிக்கு வரவேண்டும் என்ற நிபந்தனையுடன் உடன்படிக்கை எழுதி வாங்கினார். மராத்தியர் அவர்மீது படையெடுத்தபோது அந்த உதவி வரவில்லை. இந்த வாக்குப் பிறழ்வை விளக்காமல் இரண்டாம் மைசூர் யுத்தத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது, வேரைக் காட்டாமல் மரத்தைக் காட்டுவதாகும்.

அந்த யுத்தம் மூண்ட 1780 ஜூலையில் ஹைதர் மறுபடியும் இதே கணவாயில் இறங்கினார். இம்முறை அவரோடு வந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். அதே ஆண்டு ஜனவரியில் சென்னையில் கப்பலிறங்கியிருந்த ஒரு படைப்பிரிவின் கதையை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். அது ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் படை. அதைத் திரட்டியவர் மக்ளவுட் பிரபு. இளமையில் தம் தந்தையுடன் சேர்ந்து லண்டன் அரசுக்கு எதிராக 1745இல் மூண்ட கிளர்ச்சியில் கலந்து, பிடிபட்டு, மன்னிக்கப்பட்டு, சொத்தை இழந்து, அந்நிய நாடான ஸ்வீடனில் சேவகம் செய்தவர் அவர். எந்த அரசை எதிர்த்தாரோ அதே அரசின் தயவை மீட்பதற்காகத் தம் மலைநாட்டு இளைஞர்களைத் திரட்டிக் கடல்கடந்து அழைத்து வந்தார். தோற்ற மலைநாடு தன் பிள்ளைகளைப் பேரரசுக்குக் கூலிப்போர் செய்ய அனுப்பிய துயரம் ஸ்காட்லாந்துச் சரித்திரத்தின் ஒரு பகுதி என்றால், அதன் முடிவு நம் மண்ணில்தான் எழுதப்பட்டது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில், ஸ்காட்லாந்துக்காரரான கம்பெனிக் கர்னல் பெய்லியின் படை ஹைதராலும் அவர் மகன் திப்புவாலும் சூழப்பட்டு அழிந்தபோது, அந்த மலைநாட்டாரில் ஒரு பகுதியினரும், அவர்களினும் பன்மடங்கு அதிகமான நம் நாட்டுச் சிப்பாய்களும் அங்கே மாண்டார்கள். பெய்லியின் பெயர் நூல்களில் உண்டு. சிப்பாய்களோ வெறும் எண்ணிக்கையாக நின்றுவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் மனம் செங்கத்துக்கே திரும்பிவிடுகிறது. சங்க நூலான மலைபடுகடாமில் பாடப்பெற்ற மன்னன் நன்னனின் தலைநகரமான செங்கண்மா இதுவே என்பது அறிஞர் கொள்கை. அவன் காலத்துக்குப் பின் பல்லவர் ஆட்சியில், இப்பகுதியெங்கும் ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்துபட்டவர்களுக்குக் கற்கள் நடப்பட்டன. வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டும் வீரனின் பெயரும் அவற்றில் வெட்டப்பட்டன. தமிழ்நாடு அரசுத் தொல்பொருள் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. பழைய செங்கம் தாலுகாவின் எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறித்து, எருமைகளுக்காக உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்ற இளைஞனைச் சொல்கிறது. அம்மட்டோ? கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த அவனது நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் சொல்கிறது. அந்த மகேந்திரவர்மனே புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று பல்லவர் செப்பேடு புகழ்கிறது. 1,100 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளிவிட்டு அதே ஊரில் மடிந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குப் பெயர் இல்லை; எருமை மேய்த்த ஊரின் நாய்க்குப் பெயர் இருக்கிறது. எது உயர்ந்த சரித்திரம் என்று எவரேனும் என்னைக் கேட்டால், தயங்காமல் எடுத்தனூர்க் கல்லையே காட்டுவேன்.

செங்கம் வட்டாரத்து ஆசிரியர்களே, உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் வேடியப்பன் என்று மக்கள் பொங்கலிட்டுக் கும்பிடும் கற்களில் பல இத்தகைய நடுகற்களே. சரித்திரப் பாடம் தொடங்கும் நாளில், பாடப்புத்தகத்தைத் திறக்குமுன், பிள்ளைகளை அவற்றின் முன்னே அழைத்துச் சென்று நிறுத்துங்கள்.