மகளுக்காக ஆண்ட எம்மா

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ராஜாவின் மனைவி எப்படி ஆட்சிக்கு வருகிறாள் என்று கேட்டீர்களே, அதற்கு நெதர்லாந்து எம்மாவின் கதை போதும்.

எம்மா ஜெர்மனியில் வால்டெக்-பிர்மான்ட் என்ற சின்ன சமஸ்தானத்துப் பெண். 1879இல் கல்யாணம். மாப்பிள்ளை, நெதர்லாந்து ராஜா மூன்றாம் வில்லியமுக்கு வயது 61, பெண்ணுக்கு 20. அவருக்கு இது இரண்டாம் தாரம். மூத்த தாரத்துப் பிள்ளைகள் மூவரும் 1884க்குள் போய்ச் சேர்ந்தார்கள். எம்மாவுக்கு 1880இல் பிறந்த ஒரே பெண் வில்ஹெல்மினாதான் வாரிசு என்றாயிற்று. கிழ ராஜா, நாலு வயதுகூட நிரம்பாத வாரிசு. நாளைக்கு என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே? 1884லேயே தாய்தான் ரீஜன்ட் என்று சட்டம் செய்துவிட்டார்கள்.

ரீஜன்ட் என்பது மைனர் சொத்துக்குப் போடும் கார்டியன் மாதிரி. கையெழுத்துப் போடலாம், பட்டா அவர் பேரில் இருக்காது.

1890 நவம்பரில் ராஜா ஆள முடியாத நிலைக்குப் போனதும், எம்மா முதலில் கணவருக்காகவே பிரமாணம் எடுத்தார். மூன்றே நாளில் ராஜா இறந்தார். அடுத்த மாதம் பத்து வயது மகளுக்காக மறுபடி பிரமாணம். வில்லியம் லக்சம்பர்குக்கும் அதிபதியாக இருந்தவர். ஆனால் அங்கே அப்போது நசாவ் வம்சத்தின் குடும்ப ஒப்பந்தம் ஆண் வாரிசைத்தான் முதலில் பார்த்தது. அதனால் அந்த நாடு தூரத்து உறவினர் அடால்ஃபுக்குப் போயிற்று.

எம்மா எட்டு வருஷம் ஆண்டார். முடிவெடுப்பது மந்திரிகள், பொறுப்பும் அவர்களுடையது, ரீஜன்ட் கையெழுத்திடுவார். அப்படியானால் அவர் சாதித்தது என்ன? முன்கோபக்கார ராஜாவால் அரண்மனை மேலேயே ஜனங்களுக்குப் பிடிப்பு விட்டிருந்தது. எம்மா சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாகாணம் மாகாணமாகப் போய் முகம் காட்டினார். என் கணக்கில் அந்த வம்சத்தைக் காப்பாற்றியது இந்தப் பயணங்கள்தான். அதற்காக அவரை அன்னையாக்கிக் கும்பிட வேண்டாம். 1894இல் லொம்போக் தீவின் அரசை டச்சுப் படை அழித்ததும் அவர் காலத்தில்தான். மந்திரிகள் பொறுப்பு என்பது சட்டத்தின் பதில், லொம்போக் ஜனங்களுக்கு அது பதிலாகாது.

1898 ஆகஸ்ட் 31இல் மகளுக்குப் பதினெட்டு நிரம்பியது. அன்றே அதிகாரம் கைமாறியது. நன்றிக்காக ஜனங்கள் திரட்டிக் கொடுத்த 3,00,000 கில்டரை எம்மா காசநோய் சானடோரியத்துக்குக் கொடுத்துவிட்டார். பிறகு 1934 வரை இருந்தார். மகள் 1948 வரை, ஐம்பது வருஷம் ஆண்டார்.