மூன்று விவாதமும் ஐந்து நாள் பேரமும்

 

டி.வி.யில் நன்றாகப் பேசுகிற தலைவர்தான் தேர்தலில் ஜெயிப்பார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை? இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது: 2010-இல் பிரிட்டனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தல். சமூக அறிவியல் பாடத்தில் ‘தொங்கு நாடாளுமன்றம்’ என்று ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோமே, அது எப்படி உண்டாகிறது என்பது இந்தத் தேர்தலைப் பார்த்தால் விளங்கும்.

களத்தில் இருந்தவர்கள்

மூன்று கட்சி, மூன்று தலைவர். தொழிற்கட்சி 1997 முதல் ஆட்சியில் இருந்தது. அதன் பிரதமர் கார்டன் பிரவுன். எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சிக்கு டேவிட் கேமரூன். மூன்றாவதாக லிபரல் டெமாக்ரட் கட்சி. தலைவர் நிக் கிளெக். ‘மூன்றாவது கட்சிதானே’ என்று அவரை அதுவரை பலர் கண்டுகொள்ளவே இல்லை.

அமெரிக்காவில் 1960-லேயே கென்னடியும் நிக்சனும் டி.வி.யில் நேருக்கு நேர் வாதம் செய்துவிட்டார்கள். பிரிட்டனில் கட்சித் தலைவர்கள் அப்படி நின்றது 2010-இல்தான் முதல் தடவை. ஏப்ரல் 15, 22, 29 என்று மூன்று வியாழக்கிழமை. மான்செஸ்டர், பிரிஸ்டல், பர்மிங்காம் என்று மூன்று ஊர். ஒவ்வொன்றும் 90 நிமிடம். இதற்காகக் கட்சிகளும் டி.வி. நிறுவனங்களும் சேர்ந்து 76 விதிகள் போட்டன. பார்வையாளர்கள் நடுவில் கைதட்டக்கூட அனுமதி இல்லை. நம்ம பள்ளிப் பட்டிமன்றம் மாதிரி விசில் சத்தமெல்லாம் அங்கே கிடையாது!

ஒரே ராத்திரியில் ஹீரோ

முதல் விவாதத்தைச் சுமார் 94 லட்சம் பேர் பார்த்தார்கள். அன்று அசத்தியவர் கிளெக். கேமராவை நேராகப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேசுவது போலப் பேசினார். ‘இந்த ரெண்டு பழைய கட்சியும் ஒண்ணுதான்’ என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிரவுனோ ‘நிக் சொல்றதை நான் ஒத்துக்கிறேன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த சில நாட்களில் வந்த கருத்துக்கணிப்புகளில் லிபரல் டெமாக்ரட் கட்சி சுமார் 20 சதவீதத்திலிருந்து 30 வரைக்கும் ஏறியது. ஒன்றிரண்டு கணிப்பில் முதலிடமே வந்துவிட்டது!

ஏன் இப்படி? பேச்சுத்திறமை மட்டும் காரணம் இல்லை என்பது என் கருத்து. மூன்று பேருக்கும் ஒரே அளவு மேடை, ஒரே அளவு நேரம். சாதாரண நாட்களில் செய்தியில் ஓரமாக வருகிற கட்சி அன்று இரண்டு பெரிய கட்சிகளுக்குச் சமமாக நின்றது. ‘அட, இவரும் ஓர் ஆள்தான்!’ என்று ஜனங்களுக்குத் தோன்றிவிட்டது. டி.வி. விவாதத்தின் பெரிய பலம் இதுதான்.

ஆனால் மே 6-இல் வாக்கு எண்ணிக்கை தொடங்கியதும் எல்லாம் மாறிப்போச்சு.

கன்சர்வேடிவ்: 36 சதவீத வாக்கு, 306 இடம்
தொழிற்கட்சி: 29 சதவீத வாக்கு, 258 இடம்
லிபரல் டெமாக்ரட்: 23 சதவீத வாக்கு, 57 இடம்

(ஒரு தொகுதியில் வேட்பாளர் இறந்துபோனதால் அங்கே மே 27-இல் வாக்குப்பதிவு நடந்தது. அதையும் கன்சர்வேடிவ் ஜெயிக்க, 307 ஆனது.)

ஊரே பேசிய கிளெக்கின் கட்சிக்கு 2005-இல் 62 இடம் இருந்தது. இப்போது 57! வாக்கு ஒரு சதவீதம் கூடியிருக்கிறது, இடம் குறைந்திருக்கிறது. இதென்ன கூத்து என்கிறீர்களா?

ஒரு சின்னக் கணக்கு

நம்ம பள்ளியில் 5 பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். மயில், புலி, மான் என்று மூன்று அணி. ஒவ்வொரு பிரிவிலும் அதிக ஓட்டு வாங்குகிறவர் பிரதிநிதி. முதல் மூன்று பிரிவில் மயிலுக்கு 15, மானுக்கு 13, புலிக்கு 12. மற்ற இரண்டில் புலிக்கு 15, மானுக்கு 13, மயிலுக்கு 12.

கூட்டிப் பாருங்கள். மயில் 69 ஓட்டு, 3 பிரதிநிதி. புலி 66 ஓட்டு, 2 பிரதிநிதி. மான் 65 ஓட்டு, பிரதிநிதி பூஜ்யம்! புலியைவிட ஒரே ஒரு ஓட்டுதான் குறைவு. ஆனால் மானுக்கு ஓட்டு எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது. எங்கேயும் முதலாவதாக வரவில்லை.

பிரிட்டனில் நடந்ததும் இதேதான். தொழிற்கட்சிக்குச் சராசரியாக 33 ஆயிரம் வாக்குக்கு ஓர் இடம் கிடைத்தது. லிபரல் டெமாக்ரட்டுக்கு ஓர் இடம் கிடைக்க ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் வாக்கு தேவைப்பட்டது. டி.வி. அலை நாடு முழுக்க அடிக்கும். ஆனால் இடம் கிடைப்பது தொகுதி தொகுதியாகத்தான். 2024 தேர்தலில் இதே கட்சி 12 சதவீத வாக்குதான் வாங்கியது. ஆனால் ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் கவனம் வைத்ததால் 72 இடம் வந்தது!

ஐந்து நாள் பேரம்

மொத்தம் 650 இடம். பெரும்பான்மைக்கு 326 வேண்டும். யாருக்கும் இல்லை. இப்படி யாருக்கும் பெரும்பான்மை இல்லாத தேர்தல் முடிவு அங்கே 1974 பிப்ரவரிக்குப் பிறகு அதுவே முதல் முறை. இப்போது 57 இடம் வைத்திருந்த கிளெக் கையில் சாவி வந்துவிட்டது.

தொழிற்கட்சியும் அவரும் சேர்ந்தால் 258 + 57 = 315. அப்பவும் 11 குறையுது. சின்னக் கட்சிகள் எல்லாரையும் தேட வேண்டும். கன்சர்வேடிவோடு சேர்ந்தால் 306 + 57 = 363. தாராளம். மே 7 முதல் 11 வரை பேச்சுவார்த்தை நடந்தது. கிளெக் இரண்டு பக்கமும் பேசினார். 11-ஆம் தேதி பிரவுன் பதவி விலக, கேமரூன் பிரதமர், கிளெக் துணைப் பிரதமர். இரண்டாம் உலகப்போர் காலத்துக்குப் பிறகு அங்கே அமைந்த முதல் கூட்டணி ஆட்சி அது.

அந்த ஐந்து நாள் பேச்சுவார்த்தை மூடிய அறைக்குள் நடந்தது. 90 நிமிட விவாதத்தைப் பார்த்த லட்சக்கணக்கான பேரில் யாரும் இதைப் பார்க்கவில்லை.

மாணவர்களுக்கு என்ன ஆச்சு?

இதுதான் எனக்கு மனசில் தைத்த இடம். தேர்தலுக்கு முன் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் ‘கல்லூரிக் கட்டண உயர்வுக்கு எதிராக வாக்களிப்போம்’ என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். கிளெக்கும் போட்டார். நிறைய மாணவர்கள் அதை நம்பி ஓட்டுப் போட்டார்கள்.

2010 டிசம்பர் 9. இங்கிலாந்தில் சுமார் 3,300 பவுண்டாக இருந்த ஆண்டுக் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்ட் ஆக்கும் தீர்மானத்தைக் கூட்டணி அரசே கொண்டுவந்தது. ஆதரவு 323, எதிர்ப்பு 302. தீர்மானம் நிறைவேறியது. கிளெக் ஆதரித்து வாக்களித்தார். அவர் கட்சியிலேயே 21 பேர் எதிர்த்து வாக்களித்துச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அப்படியொரு உறுதிமொழி கொடுத்ததற்காக 2012-இல் கிளெக் மன்னிப்புக் கேட்டார். 2015 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 8 இடம்.

என் அக்கா இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கட்டணம் கட்ட வீட்டில் எப்படியெல்லாம் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்க்கிறேன். அது ஒரே அடியாக மூன்று மடங்கு ஆகும் என்றால்? நினைச்சாலே பகீருன்னு இருக்கு.

அதற்காகக் கூட்டணியே தப்பு என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது விட்டுக்கொடுத்துத்தான் ஆள முடியும். ஆனால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்பதில்தான் ஒரு கட்சியின் நேர்மை இருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் மக்களவைத் தேர்தல் முறை இதேதான். பிரிட்டனைப் பார்த்து எடுத்துக்கொண்டது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. ஒரு பெரிய வித்தியாசம், இங்கே பெரும்பாலும் கூட்டணி தேர்தலுக்கு முன்பே அமைந்துவிடும். யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பார்த்து நாம் ஓட்டுப் போடலாம். பிரிட்டன் மக்களுக்கு 2010-இல் அந்த வாய்ப்பு இல்லை.

18 வயது ஆனதும் நாமும் ஓட்டுப் போடப் போகிறோம். அப்போது டி.வி.யில் யார் நல்லாப் பேசினாங்க என்று மட்டும் பார்க்காமல் மூன்று கேள்வி கேட்போம். நம் தொகுதியில் யாருக்கு யார் போட்டி? யாருக்கும் பெரும்பான்மை வராவிட்டால் இவர் யாரோடு சேருவார்? சேரும்போது எந்த வாக்குறுதியை மட்டும் விடமாட்டார்?

பேச்சைக் கேட்டுக் கைதட்டலாம். ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு ஓட்டுப் போடுவோம்!

– பதினோராம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவன்