எலிச் சாட்சி போதவில்லை!

ரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கேட்ட கேள்வி

காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடியில் ஒருவர் புதுவிதக் களை எடுக்கும் கருவி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை வேறு யாரும் செய்து விற்காமல் தடுக்கும் உரிமைக்கு "பேடண்டு" என்று பெயர். அது 20 ஆண்டு செல்லும். அதற்கு அவர் மனுப் போட வேண்டிய இடம், சென்னை பேடண்டு ஆபீஸ்.

அதே ஆபீசுக்கு 1998-ம் ஆண்டு ஒரு மனு வந்தது. மனுப் போட்டது, சுவிட்சர்லாந்து நாட்டு மருந்துக் கம்பெனியான நோவார்ட்டிஸ். மருந்தின் பெயர் கிளிவெக். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அது அருமருந்து.

விலை என்ன?

கம்பெனி மருந்துக்கு மாதம் சுமார் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்துக்குச் சுமார் ரூ.10 ஆயிரம். பேடண்டு கிடைத்துவிட்டால், மலிவு மருந்து நின்றுவிடும்! எனவே புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் மனுவை எதிர்த்தது. பல நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகத் தருவதாகக் கம்பெனி சொன்னது.

சட்டம் சொல்வது

2005-ல் சட்டம் திருத்தப்பட்டது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குப் பேடண்டு வேண்டுமா? பழையதைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்று நிரூபிக்க வேண்டும்.

கம்பெனி கேட்டதோ, மருந்தின் புதுப் படிக வடிவத்துக்கு. 2006-ல் ஆபீஸ் மனுவைத் தள்ளியது. 2009-ல், சென்னையில் இருந்த மேல்முறையீட்டு வாரியம், வடிவம் புதிது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று அப்பீலைத் தள்ளியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

குணமாகுமா?

புதுப் படிகம் ஈரத்தை அதிகம் இழுக்காது, எளிதில் கெடாது என்றது கம்பெனி. எலிகளுக்குக் கொடுத்தபோது, ரத்தத்தில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்ந்தது என்றும் காட்டியது.

நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. மருந்துக்குப் பலன் என்றால், நோயைக் குணப்படுத்துவதுதான். ஈரம் இழுக்காதது, மருந்து செய்பவருக்கு வசதி. அதனால் நோய் தீராது. ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்தால் குணம் கூடலாம். ஆனால் கூடுகிறது என்பதை ஆராய்ச்சியால் காட்ட வேண்டும். அந்த ஆதாரம் இல்லை!

2013-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அப்பீல் தள்ளுபடி ஆனது. மலிவு மருந்து தொடர்ந்து கடைக்கு வந்தது.

அந்த வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டது. இப்போது இத்தகைய அப்பீல்கள் ஐகோர்ட்டுக்குப் போகின்றன.

கருவி பளபளப்பாக இருந்தால் அழகுதான். ஆனால் களை போகிறதா? மருந்திடமும் கோர்ட்டு கேட்டது அதே கேள்விதான்.